நண்டு வலையில் கடல் அட்டை ஏறினால் வழக்கு வருமா?

மண்டபம் பக்கமிருந்து நாட்டுப்படகு மீனவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஃபைபர் படகில் நண்டு வலைக்குப் போகிறோம். போன மாதம் கரையில் வலை கழிக்கும்போது நாலைந்து கடல் அட்டை கிடந்தது. பயந்துபோய் மணலில் புதைத்துவிட்டோம். பக்கத்து ஊரில் ஒருவர் மேல் வனத்துறை வழக்குப் போட்டுப் படகையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. தெரியாமல் வலையில் ஏறினாலும் வழக்கா? கடலில் எங்களை யாரெல்லாம் நிறுத்தலாம்? ஆமை ஏறினால் என்ன செய்வது?”

தம்பி, முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கடல் அட்டையில் எல்லா வகையும் 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே அட்டவணை, பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. குறைந்தபட்சத் தண்டனை இப்படி நிர்ணயிக்கப்பட்ட குற்றத்தில், அதிகாரியிடம் பணம் கட்டிச் சமாதானமாகப் போகவும் வழியில்லை. “ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வலைக்குள் எது வருகிறது என்பது உங்கள் கையில் இல்லை. அது சட்டத்துக்கும் தெரியும். ஆனால் அந்த உயிர் உங்கள் படகிலோ பெட்டியிலோ வீட்டிலோ இருந்துவிட்டால் 57-வது பிரிவு குறுக்கே வருகிறது. அது உங்களிடம் இருந்தது என்று நிரூபிப்பது மட்டுமே வனத்துறையின் வேலை. சட்டவிரோதமாக வைத்திருக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழுகிறது. நான் பார்த்த வழக்குகளில் மீனவர்கள் தடுமாறியது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். “வலையில் தானாக ஏறியது” என்பது உண்மையாகவே இருக்கும், ஆனால் அதைச் சொல்லச் சாட்சியோ படமோ இருக்காது.

அதனால் வலையைக் கரைக்குக் கொண்டுவந்து கழிக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். வலை வாங்கும்போதே ஒருவர் அட்டை, கடல் குதிரை, ஆமை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வரட்டும். அட்டை கிடைத்தால் அமுக்காமல், இழுக்காமல் எடுத்து அதே இடத்தில் தண்ணீரில் விடுங்கள். பயந்தால் அது தன் குடலையே வெளியே தள்ளிவிடும், ஆகவே மெதுவாக. விடுவதை போனில் பத்து விநாடி வீடியோ எடுத்து வையுங்கள். கரைக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டதா? உயிர் இருந்தால் வீடியோ எடுத்தபடியே உடனே கடலில் விடுங்கள். செத்திருந்தால் புதைக்க வேண்டாம். தவறுதலாகச் செத்த உயிரினம் அரசின் சொத்து என்கிறது 39-வது பிரிவு. அது கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மறைக்கவில்லை என்பதற்கு அந்தக் காகிதத்தை விடப் பெரிய சாட்சி வேறு கிடையாது.

இந்தத் தடை மீனவர்களுக்கு நியாயமாகப் படவில்லை என்பது எனக்குத் தெரியும். அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்களின் கையிலிருந்து தொழில் ஒரே அறிவிப்பில் போய்விட்டது. எதிர்க்கரையில், இலங்கையில், உரிமம் வாங்கி அட்டை பிடிக்கிறார்கள், பண்ணை வைத்தும் வளர்க்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து திருட்டுத்தனமாக அங்கே அட்டை போவதற்கு இதுவும் ஒரு காரணம். தடையை மறுபரிசீலனை செய்யச் சொல்லும் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அதே சமயம், மணலைத் தின்று சுத்தமாக்கி வெளியே விடும் உயிர் அது. அது இல்லாத தரை கெட்டுப்போகும், தரை கெட்டால் உங்கள் நண்டுக்கும் கேடுதான். கோரிக்கையைச் சங்கத்தின் மூலம் வையுங்கள். படகில் அட்டையை வைத்துக்கொண்டு அந்த வாதத்தைப் பேச முடியாது.

யார் நிறுத்தலாம் என்றால், வன உயிரினச் சட்டப்படி வனத்துறை அதிகாரிகளும், எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரியும் படகை நிறுத்திச் சோதிக்கலாம், பொருளையும் படகையும் கைப்பற்றலாம். 2022 திருத்தத்தில் சுங்கத்துறைக்கும் இந்தியக் கடலோரக் காவல்படைக்கும் இந்த அதிகாரம் வந்துவிட்டது. மீன்வளத்துறை பார்ப்பது வேறு. படகுப் பதிவு, உரிமம், விசைப்படகுகள் கரையை ஒட்டி இழுவை மடி (ட்ராலர் வலை) போடுவது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடை, இவையெல்லாம் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருபவை. அந்த 61 நாள் தடை நாட்டுப்படகுக்கு இல்லை.

உங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது தீவுகளை ஒட்டித்தான். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகளும் சுற்றியுள்ள நீரும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர், 1986-லிருந்து தேசியப் பூங்கா. எல்லை தூரக் கணக்கில் இல்லை, ஆழக் கணக்கில் இருக்கிறது. கரைப் பக்கம் மூன்றரைப் பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி ஆழம்), வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம் வரை பூங்காவுக்குள் வரும். குருசடை, முயல் தீவு, மனோலி, ஆப்பா என்று எதன் பக்கம் போனாலும் பாகம் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நீரைக் கடந்து போவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. நங்கூரம் போட்டு வலை விடுவதும் தீவில் இறங்குவதும்தான் பிரச்சினை. கடந்து போகும்போது வலையைப் படகுக்குள் சுருட்டி வைத்திருந்தால் பேச்சு குறையும்.

ஆமைக்கு வருவோம். துடிப்பாக இருந்தால் வலையை அறுத்து உடனே விடுங்கள். அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தண்ணீருக்குள் மூச்சடைத்து மயங்கிக் கிடக்கலாம். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை அரை அடி உயர்த்தி, ஈரத்துணி போட்டு நிழலில் வையுங்கள். மூக்கின் மேல் துணி படக் கூடாது. தெளிய 4 மணி நேரம் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். இப்படி வைத்திருக்கும்போதே வனத்துறைக்கோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கோ சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஆமையைப் படகில் வைத்திருந்தால் அட்டைக்குச் சொன்ன அதே சிக்கல்தான். ஆவுளியா (கடல் பசு) ஏறினால் யோசிக்கவே வேண்டாம், வலை போனாலும் அறுத்து விடுங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளில் அப்படி விட்ட மீனவர்களை வனத்துறை பணம் கொடுத்துப் பாராட்டியிருக்கிறது. வீடியோவும் அறுந்த வலையின் படமும் அதற்குத் தேவைப்படும்.

சரி, இவ்வளவு கவனமாக இருந்தும் பிடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்துப் பேசாதீர்கள், படகைத் திருப்பிக்கொண்டு ஓடாதீர்கள். எதைக் கைப்பற்றினாலும் மகஜர் (கைப்பற்றியதன் பதிவு) எழுதச் சொல்லுங்கள். எண்ணிக்கையும், பிடித்த இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பும் அதில் இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கத் தடை உண்டு. வனத்துறை அதிகாரி முன் கொடுப்பதற்கு அந்தத் தடை கிடையாது, நீதிமன்றத்தில் அது உங்களுக்கு எதிராகவே வரும். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

படகு திரும்பாது என்று உங்கள் பக்கத்து ஊர்க்காரர் நினைத்துக்கொண்டிருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். கைப்பற்றியதாலேயே வாகனம் அரசுக்குச் சொந்தமாகிவிடாது, வழக்கு நடக்கும்போதே இடைக்காலமாக விடுவிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படகின் பதிவுச் சான்று, எஞ்சின் ரசீது இரண்டையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் 15100-க்கு போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரை ஏற்பாடு செய்யும். தாமதிக்க வேண்டாம், வெயிலில் கிடக்கும் எஞ்சின் ஒரு வாடைக் காலம் தாங்காது.