கேரன் ரீட் வழக்கில் கொலைக் குற்றச்சாட்டு ஏன் நிற்கவில்லை?

போலீஸ்காரரான காதலரைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட அமெரிக்கப் பெண் கேரன் ரீட். சமூக ஊடகக் கூச்சல்தான் அவரைக் காப்பாற்றியது என்பது பாதிக் கதை. அடிப்படையில் சறுக்கியது புலனாய்வு.

2022 ஜனவரி 29 காலை, மாசசூசெட்ஸின் கான்டனில், பாஸ்டன் போலீஸ்காரர் ஜான் ஓ'கீஃப் இன்னொரு போலீஸ்காரர் வீட்டு முன்னால் பனியில் பேச்சுமூச்சின்றிக் கிடந்தார்; பிறகு இறந்துவிட்டார். குடிபோதையில் காரைப் பின்னுக்கு எடுத்து மோதினார் என்று காதலி ரீட் மீது வழக்கு. வீட்டுக்குள் அடித்து வெளியே போட்டார்கள் என்றது ரீட் தரப்பு. அந்த வீட்டைப் போலீஸ் சோதனை போடவே இல்லை. ரத்தம் கலந்த பனியைச் சேகரித்தது சிவப்பு பிளாஸ்டிக் கப்புகளில், மூடிகூடக் கிடையாது! தடயம் கலப்படமாகவில்லை என்று அப்புறம் யார் நிரூபிப்பது?

இதைவிடப் பெரிய அடி, தலைமைப் புலனாய்வாளர் மைக்கேல் புராக்டரின் போன். ரீட்டைக் கேவலமாகப் பேசி நண்பர்களுக்கு அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளை முதல் விசாரணையில் கூண்டில் நின்று அவரே வாசிக்க வேண்டியதாயிற்று. 2024 ஜூலை 1: ஜூரிக்குள் ஒருமித்த முடிவு இல்லை, விசாரணை ரத்து. 2025 மார்ச்சில் புராக்டருக்கு வேலை போனது. இரண்டாவது விசாரணையில் இரு தரப்புமே அவரைச் சாட்சிக்கு அழைக்கவில்லை.

வெளியே 'ரீட்டை விடுதலை செய்' கூட்டம் இளஞ்சிவப்பு உடையில் நின்றது. நீதிமன்றத்தைச் சுற்றி 200 அடிக்குள் போராடக் கூடாதென்று நீதிபதி தடை போட்டார். 2025 ஜூன் 18இல் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. குடித்துவிட்டு ஓட்டியதற்கு மட்டும் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு.