முகாமில் யார் பாடம் கேட்பார்கள்?

கேள்வி: செவிலியர் பயிற்சியில் இருக்கிறேன். அகதி முகாம்களில் பால்வினை நோயைத் தடுக்கச் சுகாதாரக் கல்வி தேவை என்று வகுப்பில் சொல்கிறார்கள். சோற்றுக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நிற்பவர்கள் இதைக் காதில் வாங்குவார்களா? (வாசகி ஒருவர், திண்டுக்கல்)

பதில்: நிவாரணப் பணியாளர்களுக்கே ஒரு காலத்தில் இருந்த ஐயம் இது. 1994 ஏப்ரல் இறுதியில், ருவாண்டா இனப்படுகொலைக்கு நடுவே, சுமார் இரண்டரை லட்சம் பேர் ஒரே நாளில் ருசுமோ பாலத்தைக் கடந்து தான்சானியாவுக்குள் நுழைந்தனர். அவர்கள் தங்கிய பெனாக்கோ முகாமில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தபோது, பாதிப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு பிறப்புறுப்புத் தொற்று இருந்தது. அவை எல்லாமே பால்வினை நோய்கள் அல்ல. ஆனாலும் சிபிலிசும் வெட்டை நோயும் அவற்றில் இருந்தன. குடும்பம் சிதறி, காவலின்றி, ஒரு படி மாவுக்காக உடலைக் கொடுக்கும் நிலைக்குப் பெண்கள் தள்ளப்படும் இடத்தில், இந்த நோய்கள் பசி தீரும்வரை காத்திருப்பதில்லை.

கேட்பார்களா என்பது, சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தது. வெளியிலிருந்து வந்த மருத்துவர் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசினால் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதே முகாமில், அதே மொழி பேசும் ஒருத்தி, தண்ணீர்க் குழாயடியில் குடம் நிறையும் நேரத்தில் பேச்சோடு பேச்சாகச் சொன்னால் கேள்விகளும் கேட்பார்கள். ஆகவே முகாமிலிருந்தே ஆண்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிப்பதே சரியான வழி.

பாடமும் பொத்தாம் பொதுவாக இருக்கக் கூடாது. 'ஆணுறை அணியுங்கள்' என்பதோடு நிறுத்தினால் பயனில்லை. பிளாஸ்டிக் விரிப்புக் கூடாரத்தின் வெக்கையில் ஆணுறை கெட்டுவிடும், உறையைப் பல்லால் கிழிக்கக் கூடாது, சமையல் எண்ணெய் பட்டால் ரப்பர் நைந்துபோகும் என்பதையெல்லாம் ஒரு மரக்கட்டையில் மாட்டியே காட்ட வேண்டும் (கூச்சம் முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான்). பெண்களிடம் பல தொற்றுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும் என்பதையும், கணவனுக்கும் சேர்த்துச் சிகிச்சை தராவிட்டால் நோய் திரும்ப வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வல்லுறவுக்கு உள்ளானவர் 72 மணி நேரத்துக்குள் வந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தர முடியும். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் ஒரு பெண் அந்த நேரத்துக்குள் வந்து சேருவாள்.

ஆனால் மருந்து இல்லாத இடத்தில் பாடம் மட்டும் நடத்துவது வெறும் உபதேசம் என்பதே என் கருத்து. அதே தான்சானியாவின் ம்வான்சா பகுதியில், சுகாதார நிலையங்களில் பால்வினை நோய்ச் சிகிச்சையை மேம்படுத்தியபோது புதிய எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்று 1995-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அங்கும் மக்களிடம் நோயைப் பற்றிப் பேசி, சிகிச்சைக்கு வரச் சொன்னார்கள்; வந்தவர்களுக்குக் கொடுக்க மருந்தும் கையிருப்பில் இருந்தது.