அட்டை வீட்டுக்கு இரண்டு வாசல்: கேள்வி பதில்

வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களை வைத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீடு கட்டுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நெளி அட்டைப் பெட்டி செய்யும் பட்டறையில் 14 வருடம் வேலை பார்த்தவள் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளோடு வீடு கட்டுகிறேன். அட்டை, காகிதம், துணி இந்த மூன்றுக்கும் பொறுப்பாகப் பதில் சொல்வேன். மரவேலை, வெல்டிங் எல்லாம் எனக்குத் தெரியாது.

கேள்வி: அக்கா, புது ஃப்ரிட்ஜ் வந்த பெட்டி இருக்கிறது. பையனுக்கு 4 வயது. போன தடவை கட்டிய வீடு இரண்டே நாளில் மடங்கி உட்கார்ந்துவிட்டது. எங்கே தப்பு? (ஓர் அப்பா, கோவை)

பெட்டியைப் படுக்கவைத்துக் கட்டினீர்களா தம்பி? பெரும்பாலும் அதுதான் காரணம். அட்டையின் வெட்டுமுனையைப் பாருங்கள். இரண்டு தாளுக்கு நடுவே ஒரு தாள் நெளிநெளியாக ஓடும். அந்த நெளிவுகள் மேலிருந்து கீழாக நின்றால் ஒவ்வொன்றும் குட்டித் தூண் மாதிரி பாரம் தாங்கும். குறுக்கே படுத்துவிட்டால் அதே அட்டை துவண்டுவிடும். சுவருக்கு எந்தத் துண்டை வெட்டினாலும் நெளிவு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கத்தியை வையுங்கள்.

பெட்டி ஓரத்தில் கம்பிப் பின் அடித்திருப்பார்கள். முதல் வேலையாக அதைக் குறடால் பிடுங்கி, எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள். உள்ளே இருக்கும் பாலிதீன் உறை, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் எதுவும் பிள்ளை கைக்குப் போகக் கூடாது.

ஜன்னலை மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். பெட்டியைத் தாங்குவதே நாலு மூலைகள்தான். ஜன்னல் உயரத்துக்கு அளவுநாடா வேண்டாம். பையனை நிற்கவைத்து அவன் கண் மட்டத்தில் கோடு போடுங்கள். கதவு திறந்து மூட வேண்டும் என்றால் கீல் வரும் பக்கத்தை முழுக்க அறுக்காமல் வெளித்தாளை மட்டும் கத்தியால் கீறி மடக்குங்கள். உள்தாளே கீலாகிவிடும்.

அடுத்தது தண்ணீர். தரை துடைக்கும்போது அட்டையின் அடிவிளிம்பு ஈரத்தைக் குடித்துவிடும். ஈரம் ஏறிய அட்டைக்குப் பாதி பலம்கூட இருக்காது. கழுவிக் காயவைத்த பால் கவர்களை வெட்டி விரித்து, அடிவிளிம்பைச் சுற்றி மடித்து டேப் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படிச் செய்த ஒரு பெட்டி ஐப்பசி மழையைத் தாண்டி நின்றது.

எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு வாசல். நான் கட்டிய முதல் வீட்டுக்கு ஒரே வாசல்தான். பெரியவன் ஒருவன் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உள்ளே இருந்த குழந்தை மூச்சுத் திணறியதுபோல் பயந்து அலறியது. அன்றிலிருந்து எதிரெதிரே இரண்டு வாசல் வைக்காமல் நான் எந்த வீடும் கட்டியதில்லை. வாசல் ஒவ்வொன்றும் ஒரு பெரியவர் தோள் நுழையும் அகலம் இருக்கட்டும். கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும். கொக்கி, தாழ்ப்பாள், நூல்கட்டு எதுவும் கூடாது.

கேள்வி: டேப் வெயிலில் உரிந்துவிடுகிறது. எங்கள் அம்மா மைதா பசை காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடச் சொல்கிறார். போடலாமா? (ஓர் அம்மா, விருதுநகர்)

பசை சரி. துத்தம் வேண்டவே வேண்டாம். சுவரொட்டி ஒட்டவும் புத்தகம் கட்டவும் காய்ச்சும் பசையில் அதைப் போடுவது பழைய வழக்கம். உங்கள் அம்மா சொல்வதில் காரணம் இருக்கிறது. ஆனால் அது செம்பு உப்பு, வயிற்றுக்குள் போனால் விஷம். பிள்ளைகள் அட்டையை நக்கும், பிய்த்து வாயில் வைக்கும்.

ஒரு டம்ளர் மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 4 டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிண்டுங்கள். கண்ணாடிபோல் ஆனதும் இறக்குங்கள். செய்தித்தாளை இரண்டு விரல் அகலக் கீற்றாகக் கிழித்து, பசையில் தோய்த்து மூட்டுகளில் மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ஒவ்வோர் அடுக்கும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. மறுநாள் அந்த மூட்டைப் பிய்க்கவே முடியாது.

கேள்வி: ஓடாத பழைய ஃப்ரிட்ஜ் மொட்டைமாடியில் கிடக்கிறது. தட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கவைத்தால் பிள்ளைகளுக்கு அருமையான வீடாகுமே? (வேலூர்)

கூடாது. இதைப் படித்து முடித்ததும் மாடிக்குப் போய் அதன் கதவைக் கழற்றுங்கள்.

ஃப்ரிட்ஜ் காற்றுப் புகாமல் மூடச் செய்த பெட்டி. உள்ளே போன பிள்ளை கத்தினாலும் வெளியே சரியாகக் கேட்காது. பழைய மாதிரிகளில் வெளிப்பக்கம் கொக்கி உண்டு, உள்ளிருந்து திறக்கவே முடியாது. அமெரிக்காவில் இப்படிப் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்ததால், உள்ளிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்று 1956இல் தனிச் சட்டமே போட்டார்கள். காந்தப் பட்டை வைத்த இன்றைய கதவையும் நம்பாதீர்கள். சாய்த்துப் போட்ட பெட்டியில் கதவின் எடை முழுதும் பிள்ளை மேல் நிற்கும். பழைய வாஷிங் மெஷின், மூடியுள்ள டிரங்குப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் கட்டலாமா? (திருப்பூர்)

கட்டலாம். முதல் பதிலைப் பாருங்கள். இரண்டு வாசல்.

கேள்வி: விழாவுக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனர் நிறைய இருக்கிறது. மழைக்கும் தாங்குமே, கூரை போடலாமா? (சேலம்)

சுவரும் கூரையும் ஃப்ளெக்ஸில் வேண்டாம். அது பிவிசி பூசிய துணி. காற்று விடாது, வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். விறகுக் கட்டுக்கு மேலே மூடப் பயன்படுத்துங்கள். பழைய பருத்திச் சேலை ஒன்று 5 மீட்டருக்கு மேல் வரும், கூரைக்கு அது போதும். ஆனால் முனைகளைக் கயிறாகத் தொங்கவிடாதீர்கள். பழைய தூளியைப் பிள்ளைகள் முறுக்கி விளையாடிக் கழுத்தில் இறுகும் சேதிகளை நாம் எல்லோருமே படித்திருக்கிறோம்.

கேள்வி: செய்தித்தாளிலேயே வட்டக் கூடாரம் கட்டலாம் என்கிறார்கள். நிஜமாக நிற்குமா? (பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்)

நிற்கும். நீங்கள் கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! பிள்ளைகளோடு நான் கட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 25 குழல், 11 முடிச்சு, அவ்வளவுதான் கணக்கு.

பெரிய தாள் நான்கை ஒன்றாக வைத்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு விரல் கனத்தில் இறுக்கமாகச் சுருட்டி ஒட்டுங்கள். குழலின் பலம் முழுக்க இறுக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு முனைகளையும் தட்டையாக்கி ஓட்டை போடுங்கள். ஓட்டைக்கு ஓட்டை 70 செ.மீ. எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்றில் 2 செ.மீ. பிசகினாலும் கடைசி முடிச்சு சேராது.

தரையில் 5 குழலை ஐங்கோணமாக வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் இரண்டிரண்டு குழல் நிறுத்தி 5 முக்கோணம். இவை வெளிப்பக்கம் சாயும், அதனால் ஒரு முக்கோணத்துக்கு ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும். அவற்றின் உச்சிகளை 5 குழலால் இணையுங்கள். மீதி 5 குழல் அங்கிருந்து நடு உச்சிக்குப் போகும். கிழிந்த துணிக் கீற்றால் முடிச்சுப் போடுங்கள். கடைசி முடிச்சு விழும்வரை எல்லாம் தொளதொளவென்று ஆடும். விழுந்த நொடியில் மொத்தமும் விறைத்து நிற்கும். முக்கோணத்தின் பக்கம் ஒன்று நீளாமல் அதன் வடிவம் மாறாது என்று கரும்பலகையில் சொல்வதை அந்த நொடியில் பிள்ளைகள் கையாலேயே உணர்ந்துவிடுகிறார்கள். உயரம் 1 மீட்டரை ஒட்டி வரும், இரண்டு பிள்ளைகள் உட்காரலாம். மேலே ஏறக் கூடாது. துணி போர்த்தும்போது இரண்டு முக்கோணங்களைத் திறந்து விடுங்கள். ஆம், அதே இரண்டு வாசல்.

கேள்வி: பரணில் பழைய பெயின்ட் டப்பா இருக்கிறது. அட்டை வீட்டுக்கு அடிக்கலாமா? (நாகர்கோவில்)

எத்தனை வருடப் பழசு? வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவைத் தொடாதீர்கள். மஞ்சள், காவி, கரித்தூள் மூன்றையும் மைதா பசையில் குழைத்தாலே மூன்று நிறம் கிடைக்கும்.

கேள்வி: முருங்கை மரத்தில் சின்னதாக மரவீடு? (கரூர்)

முருங்கைக் கிளை முறியும். மரவீட்டுக்கு நல்ல தச்சரைக் கேளுங்கள்.

கேள்வி: அம்மா, நாங்கள் தென்னங்கீற்றிலும் களிமண்ணிலும் நாங்களே கட்டி விளையாடினோம். பெரியவர்கள் அளவெடுத்துக் கட்டிக் கொடுப்பது பிள்ளையின் வீடாகுமா? (ஒரு தாத்தா, தஞ்சாவூர்)

ஐயா, பாதிக்கு மேல் உங்கள் கட்சிதான் நான். நம் மொழியில் இதற்குச் சிற்றில் என்று தனிச்சொல்லே இருக்கிறது. சிறுமியர் மணலில் கட்டி, சோறாக்கி விளையாடும் வீடு. 1943இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பக்கத்தில் எம்ட்ரப் என்ற இடத்தில், சோரன்சன் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர் யோசனைப்படி பழைய பலகையும் செங்கல்லும் போட்டு ஒரு விளையாட்டுத் திடல் திறந்தார்கள். ஊஞ்சலும் சறுக்குமரமும் விட்டுவிட்டு, சாமான்கள் குவிந்த இடத்தில்தான் பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். கத்தி, பின், உயரம் மூன்றும் என் கையில். எங்கே ஜன்னல், என்ன நிறம், யார் வீடு என்பதெல்லாம் பிள்ளைகள் கையில். நான் வைத்திருக்கும் எல்லை அவ்வளவுதான்.

இடையில் சென்னை அம்மா ஒருவர்: தாத்தா சொல்வது முற்றம் உள்ள வீட்டுக்குச் சரி. இங்கே இரண்டு அறை. மூத்தவள் கட்டுவாள், சின்னவன் உடைப்பான், நாள் முழுக்க அழுகை.

தாத்தா: உடைக்கட்டுமே அம்மா. உடைத்தால் மறுபடி கட்டுவார்கள். பிள்ளைத்தமிழிலேயே சிற்றில் சிதைப்பதற்கு ஒரு பருவம் இருக்கிறதே.

ஐயா, இந்த இடத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழில் அந்தப் பருவம் உண்டு, சரி. ஆனால் அதில் பாடுவது யார்? வீடு கட்டிய சிறுமியர். ‘எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே’ என்று கெஞ்சுவதுதான் பாட்டு. காலால் எற்றுகிறவனுக்கு அது விளையாட்டு, கட்டியவளுக்கு நஷ்டம். சென்னை அம்மா, மூத்தவளின் அழுகையைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். சின்னவனுக்கு உடைப்பதற்கென்றே தனியாக நாலு செருப்புப் பெட்டி அடுக்கிக் கொடுங்கள். அவள் வீட்டை அவள் பிரிக்கச் சொன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று இருவருக்கும் சொல்லிவிடுங்கள்.

தாத்தா: நீங்கள் சொல்வது சரிதான். என் தங்கையும் அப்படி அழுதிருக்கிறாள். இப்போது நினைவுக்கு வருகிறது.

நன்றி ஐயா. இதிலேயே நேரம் போய்விட்டது. காத்திருந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிவி பெட்டியில் கட்டலாமா? ஏசி பெட்டியில்? கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கலாமா? (மூன்று பேர்)

டிவி பெட்டி ஒல்லி. பிரித்துச் சுவராக்குங்கள், நெளிவு நிற்கட்டும். ஏசி பெட்டிக்கும் அதுவே. தாழ்ப்பாள் கூடாது என்று மேலேயே எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தயவுசெய்து முதல் பதிலை ஒருமுறை படியுங்கள்.

கேள்வி: கழிவு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுத்துக் கூரை? (ஓசூர்)

அறுக்காதீர்கள், துளைக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம்.

கேள்வி: மூன்று மாதமாயிற்று. பெட்டி தொய்ந்துவிட்டது, கரப்பான் வருகிறது. மகள் தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறாள். (ஓர் அப்பா, புதுச்சேரி)

மாவுப் பசையும் அட்டை நெளிவும் கரப்பானுக்குப் பிடித்த இடம். வெயிலில் வைத்தாலும் திரும்ப வரும். அதனால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் எடுத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து பிரியுங்கள். எந்தத் துண்டை வைத்துக்கொள்வது என்று அவளே சொல்லட்டும். எங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் பெரும்பாலும் ஜன்னலைத்தான் கேட்கிறார்கள். அதைத் துடைத்துக் காயவைத்து அலமாரிக் கதவில் மாட்டுங்கள். மீதியில் டேப்பையும் பால் கவரையும் உரித்து, பின் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, காய்ந்த அட்டையாகப் பழைய பேப்பர் கடையில் போடுங்கள். ஈர அட்டையை எடைக்கு எடுக்கமாட்டார்கள்.