இரண்டு குதிரைகளோடு நாலைந்து நாள் பயணம் போகிறேன். இரவு தங்க எந்த ஏற்பாடு நல்லது?

கேட்டவர் பொள்ளாச்சிக்காரர். குதிரைகளோடு எல்லை தாண்டி, கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொல்லங்கோடு பக்கம் சுற்றிவர ஆசை. கூடாரம் வாங்குவதா, கூட வரும் பிக்கப்பிலேயே படுப்பதா, இல்லை குதிரை ஏற்றும் டிரெய்லர் ஒன்றைப் பட்டறையில் சொல்லிச் செய்வதா என்று கேட்கிறார். நாலு பேர் படுக்கிற டோம் டென்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

அந்த டென்ட்டை இப்போதைக்கு வாங்காதீர்கள். நானும் அதில்தான் ஆரம்பித்தேன், அதனால் சொல்கிறேன்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். அம்மாவைப் பெற்ற அப்புச்சி குதிரை வண்டி ஓட்டியவர். இப்போது எங்களிடம் இருப்பது ஒரு செவலைப் பெட்டையும் ஒரு கறுப்பு மட்டக்குதிரையும். பந்தயப் பழக்கம் எதுவும் கிடையாது. தத்தமங்கலம் குதிரையோட்டத்தைக் கூட்டத்தில் ஒருவனாக நின்று பார்ப்பதோடு சரி.

முதல் பயணம் போனது ஓர் ஆடி மாதம். வேலந்தாவளம் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் அனுமதி கேட்டுத் தங்கினோம். இரண்டடி இரும்புக் கம்பிகளை முளையாக அடித்து ஆளுக்கொன்றில் குதிரைகளைக் கட்டினேன். புது டென்ட்டை அவற்றுக்குப் பக்கத்திலேயே போட்டேன், காவலுக்கு ஆச்சே என்று. எங்கள் பக்கம் கரிசல் மண். காய்ந்து கிடந்தால் முளை இறங்காது, நனைந்துவிட்டால் இறங்கிய முளை நிற்காது. ராத்திரி ஒரு தூறல் போட்டது. அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்துகொண்டு ஆடிக்காற்றைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டென்ட்டின் மேல்துணி படபடவென்று அடிக்க ஆரம்பித்ததும் செவலை மிரண்டு ஒரே இழுப்பு இழுத்தது, முளை கையோடு வந்துவிட்டது. கயிற்று நுனியில் ஓர் இரும்புக் கம்பி தரையில் மோதி மோதிப் பின்னாலேயே வந்தால் எந்தக் குதிரை நிற்கும்? நான் டென்ட்டுக்குள் ஜிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

விடியும் முன்னே பனையேறப் போன ஒருவர்தான் அதைப் பிடித்துக் கட்டி வைத்திருந்தார். கள்ளுக்கடை வாசலில். "ஏனுங்க, குதிரை உங்களுதுங்களா? ஷாப்பு தொறக்கறதுக்கு முந்தியே வந்து நிக்குதுங்க" என்றார். பின்னங்காலில் கம்பி அடித்த வெட்டு ஆற இருபது நாள் ஆயிற்று. வீட்டில் அப்புச்சி காயத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கம்பியில கட்டுனயா? மரமில்லையாடா அங்க?"

ஆக, குதிரையோடு போகிறவருக்கு முதல் செலவும் முதல் யோசனையும் குதிரை ராத்திரி எங்கே, எதில் நிற்கும் என்பதுதான். அது முடிவானால் நீங்கள் எங்கே படுப்பது என்பது மிச்சமிருக்கும் இடத்தைப் பொறுத்தது.

நான் இப்போது செய்வது மேல்கயிறு. இரண்டு மரங்களுக்கு நடுவே, குதிரை தலை தூக்கினாலும் அதற்கு மேலே இருக்கிற மாதிரி ஏழு, ஏழரை அடி உயரத்தில் ஒரு கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவது. 12 மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். தொய்வு இருந்தால் குதிரை இழுக்க இழுக்க இன்னும் தொங்கி, கால் போடுகிற உயரத்துக்கு வந்துவிடும். மரப்பட்டையில் கயிறு நேராக அறுக்காமலிருக்க லாரி சாமான் கட்டும் அகலப் பட்டை சுற்றி, அதில் கயிற்றை மாட்டுகிறேன். குதிரைகளுக்கு நடுவே பத்து, பன்னிரண்டு அடி. மரத்துக்கும் குதிரைக்கும் நடுவே ஏழெட்டு அடி, இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க வேரைத் தோண்டும், பட்டையைக் கடிக்கும், தோட்டத்துக்காரர் மறுபடி இடம் தரமாட்டார். மேல்கயிற்றிலிருந்து தொங்கும், குதிரையின் தலைக்கயிற்றில் மாட்டும் கயிற்றின் கொக்கி தரைக்கு ஒன்றரை, இரண்டடி மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் காலில் சிக்கும். மேலே போனால் தலை தாழ்த்தித் தீவனம் தின்ன முடியாது. தொங்கும் கயிறு மேல்கயிற்றில் இங்குமங்கும் வழுக்காமல் வளையம் வைத்து நிறுத்த வேண்டும். முடிச்சு எப்போதும் ஒரே இழுப்பில் அவிழ்வதாக இருக்கட்டும். இடுப்பில் ஒரு கத்தியும் இருக்கட்டும், ஏனென்றால் குதிரை மிரண்டு இறுகிய முடிச்சு எந்த இழுப்புக்கும் அவிழாது.

மரம் எது என்பதிலும் விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கம் கண்ணுக்கு அழகாக நிழல் தருவது தென்னந்தோப்பு. அதில் மட்டும் கட்டாதீர்கள். காய்ந்த மட்டையோ நெற்றோ அறுபதடியிலிருந்து குதிரை முதுகில் விழுந்தால் அதோடு பயணம் முடிந்தது. வரப்போரப் பனை கயிறு கட்ட அருமையான மரம், அசையாது, தாழ்ந்த கிளை கிடையாது. ஆனால் காய்ந்த மட்டை தொங்குகிற பனையைத் தவிர்க்க வேண்டும், கருக்கு பட்டால் தோல் கிழியும். பனம்பழம் விழுகிற காலமாக இருந்தால் இன்னொரு தடவை அண்ணாந்து பாருங்கள். என் தேர்வு வேம்பும் புளியும். இரண்டு வேம்பு இருபத்தைந்து முப்பது அடி இடைவெளியில் நிற்கிற களம் கிடைத்தால் வேறு எதையும் பார்க்க மாட்டேன். களத்து மண் கெட்டி, தண்ணீர் தேங்காது, பக்கத்தில் கிணறு இருக்கும், ஆள் நடமாட்டமும் இருக்கும்.

மேல்கயிற்றுக்கு ஒரு குறை உண்டு. குதிரை நின்றபடியே கண்ணயரும் பிராணிதான், ஆனால் ஆழ்ந்து தூங்க அது படுத்தாக வேண்டும். நாளைக்கு அரைமணி, ஒருமணி நேரம் போதும். மேல்கயிற்றில் சரியாகப் படுக்க முடியாது. ஒன்றிரண்டு ராத்திரி தாங்கும். மூன்றாம் ராத்திரிக்குச் சுற்றுச்சுவரோ நல்ல வேலியோ உள்ள இடமாகப் பேசி வைத்து அவிழ்த்து விட்டுவிடுங்கள். என் செவலை அப்படி விட்டதும் மண்ணில் நாலு புரளு புரண்டுவிட்டுத்தான் தண்ணீர்ப் பக்கமே போகும்.

முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டும் தளை, வீட்டில் பழக்கியிருந்தால் மட்டும், அதுவும் நீங்கள் விழித்திருந்து மேய விடும்போது மட்டும். பேட்டரியில் ஓடும் மின்வேலி நாடாவும் நல்லதுதான், அதையும் குதிரை வீட்டிலேயே ஒருமுறை தொட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். இருட்டில் மிரண்டு ஓடும் குதிரையை அது நிறுத்தாது. வாளையார், கஞ்சிக்கோடு மலையடி ஓரத்தில் இதில் எதையும் நம்பித் தங்காதீர்கள். யானை வருகிற இடம். காட்டோரம் ஆசையாக இருந்தால் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தண்ணீர், தீவனம். 300 கிலோ எடையுள்ள குதிரை நாளைக்கு 25, 30 லிட்டர் குடிக்கும், வெயிலில் நடந்தால் இன்னும் கூடும். இரண்டுக்கும் சேர்த்து 20 லிட்டர் கேன் மூன்று நிரப்பி வண்டியில் இருந்தால்தான் நான் நிம்மதியாகப் படுப்பேன். மூலத்தரை வாய்க்கால்களில் தண்ணீர் ஓடுகிறதே என்று நினைப்பீர்கள். சிமென்ட் பூசிய சரிவில் லாடம் கட்டிய குதிரையை இறக்கினால் மேலே ஏற்றக் கிரேன்தான் கூப்பிட வேண்டும். வாளியில் மொண்டு கொடுங்கள். ஊர் மாறினால் தண்ணீர் ருசி மாறிக் குதிரை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டுத் தண்ணீரில் துளி பனவெல்லம் கரைத்துப் பழக்கிவிட்டால் வெளியூரிலும் அதே ருசி. வாளி உங்களுடையதாகவே இருக்கட்டும். சந்தை, திருவிழா மாதிரி பல குதிரை வாய் வைத்த தொட்டியில் விடவே கூடாது. கிளாண்டர்ஸ் என்ற நோய் அப்படிப் பரவக்கூடியது, மனிதருக்கும் தொற்றும். கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் அது.

உலர்ந்த தீவனம் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது ஒரு குதிரைக்கு நாளைக்கு ஐந்தாறு கிலோ. வீட்டில் தின்கிற அதே காய்ந்த சோளத்தட்டு, அதே கொள்ளு, அதே தவிடு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீவனத்தைத் திடீரென்று மாற்றினாலும், தண்ணீர் குறைந்தாலும் வயிற்றுவலி வந்து உருள ஆரம்பிக்கும், ராத்திரி பதினொரு மணிக்கு எல்லையில் மாட்டு டாக்டரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இளஞ்சோளப் பயிரில் மேய விடாதீர்கள், விஷம் இருக்கும். முதலமடை மாந்தோப்புகளில் பூ எடுக்கிற காலத்தில் மருந்து அடித்துக்கொண்டே இருப்பார்கள், மரத்தடிப் புல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வாய் வைக்க விடாதீர்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நாலு நாளைக்குத் தீவனம் மட்டுமே ஐம்பது கிலோ, மேலே தண்ணீர். அதனால்தான் பிக்கப் வேண்டும் என்கிறேன். குதிரைகள் நாளைக்கு 20, 25 கிலோமீட்டர் நடக்கட்டும், பிக்கப் முன்னால் போய் இடம் பேசி வைக்கட்டும். டிரெய்லர் வேண்டாம் என்பது என் கருத்து. இங்குள்ள தோட்டத்துச் சந்துகளில் பிக்கப்பையே திருப்ப முடியவில்லை. நோய்நொடி வந்து குதிரையை வண்டியில் ஏற்ற வேண்டி வந்தால் வாய்க்கால் கரை மேட்டில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தி, சமமாக நடத்தி ஏற்றலாம். சின்ன யானை என்கிற குட்டிச் சரக்கு வண்டியில் இரண்டு குதிரையை நெருக்கி ஏற்றிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யானை என்று பெயர் வைத்தால் ஆயிற்றா?

இனி நீங்கள் படுப்பதற்கு வருகிறேன். பிக்கப்பின் பக்கவாட்டிலிருந்து சரிவாக ஒரு தார்ப்பாய், அதன் கீழே மடக்குக் கட்டில். இவ்வளவுதான். கட்டில் என்றதும் சிரிக்காதீர்கள். வயலோரத்தில் கண்ணாடி விரியன் திரிகிற ராத்திரியில் தரையில் படுப்பதற்கும் ஒன்றரை அடி உயரத்தில் படுப்பதற்கும் உள்ள வித்தியாசம் படுத்தவருக்குத்தான் தெரியும். கொசுவலையை ஓரம் செருகிவிட்டால் கண்ணை மூடியபடியே குதிரை தரையைப் பிறாண்டுவதும் மூச்சு விடுவதும் கேட்கும். மூடிய டென்ட்டில் துணியின் சத்தம்தான் கேட்கும். குதிரையிலிருந்து முப்பதடி தள்ளிப் படுங்கள். இழுகயிறு ஏதாவது இருந்தால் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். தார்ப்பாயைக் கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒரு வாரம் லாயத்துக்கு எதிரே கட்டித் தொங்கவிட்டு, குதிரைக்கு அது அலுத்துப்போகும்வரை விடுங்கள்.

காற்றின் திசை முக்கியம். ஆனி, ஆடியில் இங்கே மேற்கிலிருந்து அடிக்கும், கார்த்திகையிலிருந்து தை வரை கிழக்கிலிருந்து அடிக்கும். தார்ப்பாயின் தாழ்ந்த பக்கம் அந்தந்தத் திசைக்கு இருக்க வேண்டும், வண்டி அதற்குத் தகுந்தபடி நிற்க வேண்டும். கொல்லங்கோடு பக்கம் நெல்லியாம்பதி மலையடியில் மழை நன்றாகவே பெய்யும், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அதில் பாதிகூடத் தெரியாது. என்னைக் கேட்டால் மழை ஓய்ந்த மார்கழியில் வாருங்கள். மாசிக்கு மேல் வந்தால் வெயிலில் நீங்களும் வாடி, குதிரையும் வாடும்.

சேற்றில் நடந்த நாளில் படுக்கும் முன் நாலு குளம்பையும் கொக்கியால் சுரண்டிப் பார்த்துவிடுங்கள். சாயங்காலம் ஈ மொய்த்தால் வேப்பிலைப் புகை போடலாம், தார்ப்பாய்க்கும் தீவனத்துக்கும் தள்ளி.

காகிதம்: கிளம்புவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் இரண்டு குதிரைக்கும் ஆரோக்கியச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்றினால் 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள்படி அது தேவை. எல்லையில் கோபாலபுரத்திலோ மீனாட்சிபுரத்திலோ நிறுத்திக் கேட்டால் காட்டவும் ஆகும். கிளாண்டர்ஸ் காரணமாக எங்காவது குதிரை நடமாட்டத்துக்குத் தடை இருக்கிறதா என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம்.

நான் வாங்கிய டென்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இன்னும் எங்களோடுதான் வருகிறது. அதற்குள் தட்டுக்கட்டும் கொள்ளு மூட்டையும் நனையாமல் படுத்திருக்கின்றன. கம்பு ஒன்று உடைந்துவிட்டது, அந்த மூலைக்கு ஒரு மூங்கில் வைத்திருக்கிறேன்.