கீல் போனால் பீரோ போச்சு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரும்பு பீரோ, அலமாரிக் கதவுகள் பற்றியவை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்துக்கொண்டேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: மகளுக்குச் சீராகக் கொடுத்த ஆறரை அடி பீரோ. எட்டே மாதத்தில் வலது கதவு இறங்கிவிட்டது. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு விழுகிறது. "உங்கள் வீட்டுத் தரை சரியில்லை" என்கிறார் கடைக்காரர். சம்பந்தி வீட்டில் முகம் காட்ட முடியவில்லை. (கும்பகோணம் வாசகி)

ப: அம்மா, இதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள். கூச்சம் வரவேண்டிய இடம் வேறு.

ஆனால் தரை என்று கடைக்காரர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஒரு முன்கால் தரையில் சரியாகப் பதியாவிட்டால் பீரோ லேசாகக் கோணும். அந்தப் பக்கத்துக் கதவும் கூடவே தாழும். வலது முன்காலுக்கு அடியில் தட்டையான இரும்புப் பட்டையோ டைல்ஸ் துண்டோ வைத்துப் பாருங்கள். அட்டை வேண்டாம், நசுங்கிவிடும். இரண்டு கதவுகளின் மேல் விளிம்பும் ஒரே கோட்டுக்கு வந்தால் தரைதான் காரணம், பிரச்சினை அங்கேயே முடிந்தது.

வராவிட்டால், கதவைப் பாதி திறந்து பூட்டுப் பக்க விளிம்பை மெல்ல மேலே தூக்குங்கள். இன்னொருவரை மேல் கீலைக் கவனிக்கச் சொல்லுங்கள். கீல் கம்பி மட்டும் ஆடினால் தேய்மானம்; கம்பியை மாற்றினால் போதும். கீல் பதிந்திருக்கும் தகடே உப்பி அடங்கினால், பெயிண்டில் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தால், அது பட்டறையிலேயே விட்ட குறை. அதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரில்தான் வழக்குப் போடவேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம்.

கே: கதவு கிறீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா? (தேனி)

ப: வேண்டாம். தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கதவைப் பத்து முறை ஆட்டி, வழிந்ததைத் துடையுங்கள்.

கே: போனில் வந்த விளம்பரப் படத்தைப் பார்த்து "18 கேஜ் பீரோ" (கேஜ் என்பது தகட்டின் தடிமனைக் குறிக்கும் எண்) ஒன்றுக்கு முழுப் பணமும் அனுப்பினேன். வந்திறங்கியதை விரலால் அழுத்தினாலே குழி விழுகிறது. பில் கேட்டால் "பில் போட்டால் விலை கூடும்" என்று சொன்னதால் நானும் வற்புறுத்தவில்லை. இப்போது என்ன செய்யலாம்? (சேலம்)

ப: பொருளைப் பார்க்காமல், கடையைப் பார்க்காமல், பில் வாங்காமல், முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பியிருக்கிறீர்கள். இந்தப் பகுதியில் எத்தனை தரம் எழுதியாயிற்று! விலை குறையும் என்றுதானே பில்லை விட்டீர்கள்? அந்தக் குறைந்த விலைக்குள்தான் இந்தக் குழியும் இருக்கிறது.

சரி, வழி சொல்கிறேன். பில் கொடுக்க மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பணம் அனுப்பிய பதிவு, அந்த விளம்பரப் படம், "18 கேஜ்" என்று அவர் எழுதிய செய்தி மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கும் கெடு பில்லில் குறிக்கப்படாவிட்டால் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. அதற்குள் எழுத்தில் கேளுங்கள். தகட்டை மைக்ரோமீட்டர் வைத்து அளந்து படம் எடுங்கள். 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ., 20 என்றால் 0.9, 22 என்றால் 0.7, 24 என்றால் 0.56. எண் ஏற ஏறத் தகடு மெலியும். அளவில் பெயிண்டின் தடிமனும் சேர்ந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

வாங்கப் போகிற மற்றவர்களுக்கும் இது: கேஜ் கணக்கில் பேசாதீர்கள். கதவு எத்தனை மி.மீ., பக்கம் எத்தனை, முதுகு எத்தனை என்று கேட்டு அதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கதவு மட்டும் கனமாக இருந்து முதுகுத் தகடு பாதியாக இருப்பது சர்வசாதாரணம்.

கே: அம்பத்தூரில் சின்ன பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு கம்பெனிக்கு ஆறடி உயர டூல்ஸ் அலமாரி பத்து செய்து தரவேண்டும். கதவின் உள்பக்கமும் ஸ்பேனர் மாட்டும் தட்டுகள் வரும். முன்பு செய்ததில் இரண்டு கதவுகள் தொங்கிவிட்டன. பெரிய கீல் போட்டால் போதுமா? (29 வயது வாசகர்)

ப: தம்பி, விற்கிறவர் ஒருவர் இப்படிக் கேட்டு எழுதுவது எனக்கு மிகுந்த சந்தோஷம். விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய கீல் மட்டும் போதாது. முதலில் கணக்கைப் பார்ப்போம். கதவு 60 செ.மீ. அகலம், தட்டும் சாமானும் சேர்த்து 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாரத்தின் மையம் கீலிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கும். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் 150 செ.மீ. இடைவெளி இருந்தால், மேல் கீலை அலமாரியின் சட்டத்திலிருந்து பிய்க்கப் பார்க்கும் இழுப்பு 30 பெருக்கல் 30 வகுத்தல் 150, அதாவது 6 கிலோ. அதே கீல்களை 50 செ.மீ. இடைவெளியில் வைத்தால் 18 கிலோ. திறந்த கதவின் ஓரத்தில் ஒருவர் 40 கிலோ அளவுக்கு ஊன்றிச் சாய்ந்தால், முதலாவதில் இன்னும் 16 கிலோ கூடும்; இரண்டாவதில் 48. அதனால் மேல் கீலை எவ்வளவு மேலே கொண்டுபோக முடியுமோ கொண்டுபோ, கீழ்க் கீலை அதேபோல் கீழே இறக்கு. செலவே இல்லாத பலம் இது.

மூன்றாவது கீலை நடுவில் வைத்தால் தகடு வில்லாக வளையாமல் காக்கும். பாரம் சுமக்கத்தான் வேண்டுமென்றால் மேல் கீலுக்குச் சற்றுக் கீழே வை. மூன்று கம்பிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். துளி விலகினாலும் முழு எடையும் ஒரே கீலில் உட்காரும். ஆகவே ஒவ்வொரு கீலும் தனியாகவே முழுக் கதவையும் தாங்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடு. மூன்றையும் ஒரே நீளக் கம்பியில் கோத்துப் பொட்டு (புள்ளி அளவு வெல்டிங்) வைத்து, கதவை மாட்டி ஆட்டிப் பார்த்த பிறகு முழு வெல்டிங் போடு. சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளாமல் இருக்க, மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வை.

இப்போது என் நெடுநாள் ஆத்திரத்துக்கு வருகிறேன். கீலைக் குறை சொல்கிறோமே தவிர, பெரும்பாலும் முதலில் போவது கீல் அல்ல, அது உட்கார்ந்திருக்கும் தகடுதான். வீட்டுப் பத்திரங்கள் வைக்க நான் ஒரு சின்ன இரும்பு அலமாரி வாங்கினேன். பளபளவென்று பச்சைப் பெயிண்ட், நல்ல பூட்டு. ஒருநாள் மேல் கீல் தகட்டோடு பிய்ந்து கையில் வந்தது. பெயிண்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டியைச் சுரண்டினால், பட்டாணி அளவில் இரண்டே இரண்டு பொட்டு வெல்டிங். பின்னால் ஒரு துண்டுத் தகடு கூட முட்டுக்கு இல்லை. பொட்டு வெல்டிங் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும். உரித்தெடுக்கிற மாதிரி வரும் இழுப்பைத் தாங்காது. கதவைத் திறக்கும்போதெல்லாம் மேல் கீலுக்கு வருவது அந்த உரிக்கும் இழுப்புதான். இது வெல்டிங் பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தே செய்து, பட்டி பூசி மறைத்து, மேலே கண்ணாடியும் பூவும் ஒட்டி விற்கிறார்கள். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் வாங்குகிறவர்களிடம் இப்படிச் செய்ய எப்படித்தான் மனசு வருகிறதோ!

ஸ்க்ரூ போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. 4.2 மி.மீ. ஸ்க்ரூவில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 1.4 மி.மீ. தகடோ 0.9. முழுதாக ஒரு புரி கூடப் பிடிப்பதில்லை. நாலு நாள் ஆட்டத்தில் துளை பெரிதாகிவிடும்.

நீ செய்யவேண்டியது: சட்டத்துக்குள்ளும் கதவுக்குள்ளும் கீல் வரும் இடத்தில் 3 மி.மீ. தகட்டில் உள்ளங்கை நீளத் துண்டை வைத்து வெல்டிங் போடு. கீலை அதன்மேல் போல்ட் நட்டால் முறுக்கு, நட்டு கழலாத வகையாக இருக்கட்டும். போல்ட் போட்டால் பின்னால் கீலை மாற்றவும் முடியும். கதவு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க உள்பக்கம் நெடுக மடித்த பட்டை ஒன்றை ஓட்டு. கதவு எவ்வளவு திறக்கவேண்டும் என்பதற்கு ஒரு தடுப்பு அவசியம். தடுப்பில்லாத கதவு பக்கத்துச் சுவரில் முட்டி, பாக்குவெட்டி மாதிரி கீலையே நெம்பும். நல்ல கீல்கள் பல இப்படித்தான் போகின்றன. கீலில் நைலான் வாஷரும் கிரீஸும் பவுடர் கோட்டிங்குக்கு (பொடியைத் தூவி அடுப்பில் சுட்டு ஏற்றும் பூச்சு) பிறகுதான். அந்த அடுப்பில் 180 முதல் 200 டிகிரி சூடு. கிரீஸ் உருகி வழிந்து பூச்சைக் கெடுக்கும்.

பட்டியும் பெயிண்டும் போடும் முன் கீல் பகுதியைப் படம் எடுத்து அந்தக் கம்பெனிக்கு அனுப்பு. அடுத்த ஆர்டருக்கு நீ விலை பேசவே வேண்டியிருக்காது.

கே: நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. சமையலறை அலமாரிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் வாங்கினேன். "காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அசல் 304" என்று காட்டித்தான் கொடுத்தார். ஒரே வருடத்தில் செம்பழுப்பாகத் துரு.

ப: காந்தச் சோதனை உங்களை ஏமாற்றிவிட்டது. விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், உப்புக்காற்றுக்குத் தாங்காது. எங்கள் வீட்டுத் தொட்டிப் பக்கத்து அலமாரியிலும் 304 என்று முத்திரை குத்திய கீல் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது, ஆகவே முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். பாத்திர மொத்த வியாபாரிகளிடம் சோதனைத் திரவம் இருக்கும். ஒரு சொட்டு விட்டால் 202 சிவந்து காட்டிக்கொடுக்கும். அப்படிச் சோதித்ததைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பில்லில் 304 என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலம் அதிகம். புதிதாக வாங்கும்போது 304 வாங்கி, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் துடையுங்கள். அலை ஓசை கேட்கும் தூரமென்றால் 316 வாங்குங்கள், விலை கூடுதல்தான்.

கே: கடையில் வைத்திருந்த இரும்பு அலமாரியின் பூட்டைத் தொடாமலேயே திருடிவிட்டார்கள். வெளியே தெரிந்த கீல் கம்பிகளைத் தட்டி எடுத்து, கதவை மறுபக்கமாகத் திறந்திருக்கிறார்கள். வாரக் கொள்முதல் பணம் அத்தனையும் போயிற்று. பூட்டுக்கு மட்டும் தனியாக அதிகம் கொடுத்து வாங்கியிருந்தேன். (திண்டுக்கல்)

ப: படிக்கவே வயிறு எரிகிறது. பணம் வைக்கும் அலமாரி என்று சொல்லி விற்றவர், கழற்றக்கூடிய கம்பியை வெளியே விட்டிருக்கவே கூடாது. போலீஸ் புகாரின் நகலை வைத்து நுகர்வோர் ஆணையத்தில் கேளுங்கள். "பணம் வைக்கும் அலமாரி" என்று பில்லிலோ விளம்பரத்திலோ இருந்தால் அதையும் சேருங்கள். கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றும் உடனே பாருங்கள்.

இப்போதைக்கு, மாற்றிய கம்பிகளின் இரு முனையையும் வெல்டிங் வைத்து மூடுங்கள். அது மட்டும் போதாது; திருடன் கம்பியை அறுத்துவிடலாம். கதவின் கீல் பக்க விளிம்பில் இரண்டு இரும்பு முளைகளைப் பற்றவைத்து, கதவு மூடும்போது அவை சட்டத்துத் துளைக்குள் போகும்படி செய்யச் சொல்லுங்கள். அப்புறம் கீலையே அறுத்தாலும் அந்தப் பக்கம் கதவு அசையாது.

கே: போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவைத் தொட்டால் விறுவிறு என்று ஷாக். பெட்டிக்கு எர்த் இருக்கிறது என்கிறார் விற்றவர். (பல்லடம்)

ப: முதலில் மெயினை அணையுங்கள். எலக்ட்ரீஷியன் வரும்வரை யாரும் தொட வேண்டாம். பெட்டிக்கு எர்த் இருந்தால் கதவுக்கும் இருக்கிறது என்று ஆகாது. கீலில் பெயிண்ட், கிரீஸ், துரு எல்லாம் இருக்கும். அதை மின்சாரம் போகும் வழியாக நம்பக்கூடாது. கதவிலிருந்து பெட்டிக்குப் பின்னிய செம்புப் பட்டை தனியாகப் போடவேண்டும், போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு. உள்ளே எங்கே கசிகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: பழைய கனமான பீரோ, அப்பா வாங்கியது. கீல் தேய்ந்துவிட்டது. எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா? (விருதுநகர்)

ப: கூடாது.

கே: யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு வருட உத்தரவாதத்தோடு வாங்கிய இரும்பு அலுமாரியின் பிணைச்சல் (கீல்) மூன்று மாதத்தில் உடைந்துபோயிற்று. "பிணைச்சலுக்கு உத்தரவாதம் இல்லை" என்கிறார்கள். உங்கள் 1915 இங்கே வேலை செய்யுமா?

ப: செய்யாது ஐயா, அது இந்தியாவுக்கு மட்டும். இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுங்கள், தொலைபேசி 1977. உத்தரவாத அட்டையை எடுத்துப் படியுங்கள். பிணைச்சல் விலக்கு என்று அதில் அச்சாகியிருக்கிறதா? இல்லையென்றால் அவர் வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. அட்டையின் படம், பற்றுச்சீட்டு, உடைந்த பிணைச்சலின் படம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். உடைந்த துண்டைக் கடைக்காரர் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.