எலுமிச்சைக்குப் பகலில் வரும் பூச்சியும் இரவில் வரும் பூச்சியும்

கேள்வி: எங்கள் எலுமிச்சைத் தோட்டத்தில் பகலில் கருப்பும் மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சி பறக்கிறது. இரவில் டார்ச் அடித்தால், ஆரஞ்சு நிறப் பின்னிறகு கொண்ட பெரிய பூச்சி பழத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. இலையைப் புழு தின்கிறது, பழமும் உதிர்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். பகலில் வருவது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. இரவில் வருவது, நீங்கள் சொல்லும் அடையாளப்படி, பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சி. உணர்கொம்பின் நுனி குமிழ்போலத் தடித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி, நூல்போல மெலிந்திருந்தால் அந்துப்பூச்சி. இறகை விரித்து அமர்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். வெயில் காயும் வண்ணத்துப்பூச்சியும் அப்படித்தான் அமரும்.

வண்ணத்துப்பூச்சியினத்தில் கெடுதல் செய்வது புழுப்பருவம் மட்டுமே. தளிரில் ஒவ்வொன்றாக இடப்படும் முட்டையிலிருந்து வரும் இளம்புழு பறவை எச்சம்போல் தோன்றுவதால் எளிதில் கண்ணில் படாது. வளர்ந்ததும் பச்சையாகி, சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற செந்நிற உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். கறிவேப்பிலையிலும் இதே புழுவைப் பார்த்திருப்பீர்கள். காய்க்கும் மரம் இழந்த இலையைத் தானே ஈடுசெய்துகொள்ளும் என்பதால், அங்கே ஒன்றும் செய்யாதிருப்பதே என் பரிந்துரை. நாற்றிலும் இளங்கன்றிலும் புழுவைக் கையால் பொறுக்குங்கள். மிகுந்துவிட்டால், அது சிறிதாக இருக்கும்போதே பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தைத் தெளிக்கலாம்.

அந்துப்பூச்சியிலோ வளர்ந்த பூச்சியே எதிரி. பூந்தேன் குடிக்கும் வண்ணத்துப்பூச்சியின் மென்மையான குழலைப் போலன்றி, இதன் உறிஞ்சுகுழல் கெட்டியாகவும் நுனியில் முட்களுடனும் இருப்பதால், ஆரஞ்சு, மாதுளை ஆகியவற்றின் தோலைக்கூடத் துளைத்துவிடும். அத்துளை வழியே பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்து பழம் அழுகி உதிர்கிறது. உதிர்ந்த பழத்தை அழுத்தும்போது ஊசித்துளையிலிருந்து புளித்த சாறு கசிந்தால் இப்பூச்சியின் வேலை என்று கொள்ளலாம்; உள்ளே புழு நெளிந்தால் பழ ஈயைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்துப்பூச்சியின் புழு எலுமிச்சை இலையைத் தொடுவதில்லை. வேலியோரத்துச் சீந்தில், சிறுகட்டுக்கொடி போன்றவற்றைத் தின்று வளர்கிறது. ஆகவே மரத்தில் மருந்தடித்தாலும் புழுவுக்குப் போய்ச் சேராது. இரவில் வந்துபோகும் பூச்சியும் பெரும்பாலும் தப்பிவிடும், பறிக்கும் நிலையிலுள்ள பழத்தில்தான் நஞ்சு தங்கும். பழுக்கத் தொடங்கும் பழங்களுக்கு உறையிடுவதும், உதிர்ந்தவற்றை அன்றன்றே பொறுக்கிப் புதைப்பதும், அருகிலுள்ள அக்கொடிகளை அகற்றுவதுமே பயன் தரும். மருந்துக்கொடியாயிற்றே என்று சீந்திலை வெட்ட மனம் வராவிட்டால், உடலின் பக்கவாட்டில் கண்போன்ற புள்ளிகளுடன் வளைந்து நடக்கும் புழுக்கள் அதில் இருக்கின்றனவா என்று அடிக்கடி பார்த்துப் பொறுக்கிவிடுங்கள்.