வாசகர் கேள்வி – பதில்: கைகொடுக்காத துவக்குகள்

கேள்வி: படுவான்கரையில் வேளாண்மை செய்கிறேன். பன்றித் தொல்லை தாங்காமல், முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்று, காலஞ்சென்ற போடியார் ஒருவரின் குடும்பத்தாரிடமிருந்து இங்கிலாந்தில் செய்த 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) ஒற்றைக்குழல் துவக்கொன்றை வாங்கினேன். பார்ப்பதற்குப் புதிது போலவே இருந்தது. ஆனால் குடலைப் பருவத்தில் பரணில் இருக்கும்போது பல தடவை ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. வெடித்தாலும் வெற்றுத் தோட்டா வெளியே வர மறுக்கிறது. விற்றவர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்களா?
– வெல்லாவெளி வாசகர்

பதில்: அவர்களுக்கே இந்தக் குறை தெரியாமல் இருந்திருக்கலாம். பல வருடங்கள் அலுமாரியில் கிடந்த துவக்கு வெளியே மினுங்குவதும் உள்ளே கெட்டுப்போவதும் வழமைதான். வெடிக்காத தோட்டாவின் அடியில் உள்ள கேப்பை, அதாவது துவக்கின் ஊசி தட்டியதும் பற்றி மருந்தை எரிக்கும் சிறு மூடியை, வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி பதிந்த பள்ளம் ஆழமாகவும் நடுவிலும் இருந்தால் குற்றம் பெரும்பாலும் தோட்டாவில்தான் உள்ளது. வாவிக் காற்றும் மாரி மழையும் சேர்ந்த நம் ஊரில், பிரித்த பெட்டியில் ஒரு போகத்திலிருந்து அடுத்த போகம் வரை கிடக்கும் தோட்டா ஈரம் பிடிக்காமல் இருந்தால்தான் வியப்பு. பள்ளம் மேலோட்டமாகவோ ஓரமாகவோ இருந்தால், வில் தளர்ந்திருக்கும், ஊசியின் முனை தேய்ந்திருக்கும், அல்லது எப்போதோ விட்ட எண்ணெய் ஊசித் துளைக்குள் பசையாக இறுகிக் கிடக்கும். கடைசியாகச் சொன்னது மட்டுமே செலவின்றித் தீரக்கூடியது.

வெற்றுத் தோட்டா சிக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் தோட்டா அமரும் அறையில் துரு அரித்த குழிகளே. வெடிக்கும் கணத்தில் விரியும் தோட்டாக் கூடு அந்தக் குழிகளைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் உங்கள் துவக்கு பழைய இங்கிலாந்துத் துவக்கு என்பதால் இன்னொரு சந்தேகமும் எழுகிறது, அதுவே எனக்குக் கவலை தருகிறது. அக்காலத்து 12 போர் துவக்குகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குல நீளமே, அதாவது 65 மி.மீ. தோட்டாவுக்கானது. இன்று பரவலாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. பெட்டியில் அச்சிட்டிருக்கும் நீளம், வெடித்து வாய் விரிந்த பிறகு கூடு எட்டும் நீளமாகும். வாய் மடிந்திருக்கும் புதுத் தோட்டா அதைவிடக் குட்டையாக இருப்பதால், சின்ன அறைக்குள்ளும் எவ்விதத் தடையுமின்றி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். வெடித்ததும் மடிப்பு விரிய இடமின்றிக் குழலின் குறுகிய பகுதிக்குள் நெருக்கப்பட, அழுத்தம் மிகையாக ஏறுகிறது. ஆகவே குழலின் அடிப்புறத்தில் பொறித்திருக்கும் பரிசோதனை முத்திரைகளையும் அறை நீள அளவையும் விபரமறிந்த ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை அந்தத் துவக்கைப் பரணுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

‘டிக்’ என்று நின்ற துவக்கை உடனே திறப்பதுதான் பலரும் செய்யும் பிழை. சில வேளைகளில் கேப் தாமதித்துப் பற்றும். குழல் வாயை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி குறைந்தது 30 வினாடிகள் காத்திருந்து, அதன் பிறகே திறக்க வேண்டும். ‘புஸ்’ என்று பலவீனமாக வெடித்தால் அதைவிட எச்சரிக்கை வேண்டும். தக்கையோ (மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையிலுள்ள அடைப்பு) சன்னமோ (ஈயக் குண்டுகள்) குழலுக்குள் தங்கியிருந்தால் அடுத்த வெடியில் குழலே பிளந்துவிடும். திறந்து, தோட்டாவை அகற்றி, அடிப்பக்கத்திலிருந்து குழலுக்குள் பார்த்த பிறகே மறு தோட்டா போட வேண்டும்.

கேள்வி: பேர்பெற்ற கொம்பனித் துவக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார் என் மச்சான். சரியா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: மச்சானிடம் வின்செஸ்டர் 1911 பற்றிச் சொல்லுங்கள். தானியங்கித் துவக்கின் பின்பாகத்தை இழுக்கும் கைப்பிடி துவக்கு வடிவமைப்பாளர் ஜோன் பிரவுனிங்கின் காப்புரிமைக்குள் அடங்கியிருந்ததால், அந்த அமெரிக்க நிறுவனம் கைப்பிடியே இல்லாமல், குழலைப் பிடித்துப் பின்னோக்கி அழுத்தித் தோட்டா ஏற்றும்படி ஒரு துவக்கை வடிவமைத்தது. அக்காலத்துக் கடதாசித் தோட்டாக்கள் ஈரத்தில் வீங்கிச் சிக்கியபோது, சிலர் பிடியை நிலத்தில் ஊன்றி, வாய் தம்மை நோக்கியிருக்கக் குழலைக் கீழே அமுக்கினார்கள். அந்நாட்டில் அதற்கு ‘விதவையாக்கி’ என்ற பட்டப்பெயர் நிலைத்தது. 1925இல் தயாரிப்பும் நின்றது.

நல்ல வடிவமைப்பும் கெடலாம். வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்ட அமெரிக்க இராணுவத்தின் எம்16 துப்பாக்கிக்கு வேறு வகை வெடிமருந்தைப் பயன்படுத்தினார்கள். தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இடவில்லை. துப்புரவு செய்யும் கருவிகளையும் போதிய அளவு கொடுக்கவில்லை. சண்டையின் நடுவே அது சிக்கி நின்றதை 1967இல் அமெரிக்கக் காங்கிரசின் துணைக்குழுவொன்று விசாரித்துக் கண்டித்தது. இந்தக் குறைகளைச் சரிசெய்த பின்பு அதே துப்பாக்கி பல பத்தாண்டுகள் நின்று உழைத்தது.

கேள்வி: ஊசி தேய்ந்த துவக்கை இரும்புப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யலாமா? நான் ஊரில் இல்லாத நாட்களில் தம்பி அதைக் காவல் வாடியில் வைத்திருக்கலாமா?
– பொத்துவில் வாசகர்

பதில்: இரண்டும் கூடாது. ஊசி அளவுக்கு மேல் நீண்டால் மூடும்போதே வெடிக்கும். அதன் உருக்கைப் பதப்படுத்துவது மண்வெட்டி அடிக்கும் வேலையன்று. அனுமதிப்பத்திரம் உங்கள் பெயருக்கே உரியது, வீட்டாருக்கு உரியதன்று. யானை வந்தால் அந்தத் துவக்கை நீங்களும் தூக்க வேண்டாம். யானையைச் சுடுவது குற்றம், சன்னம் பட்ட யானை அடுத்த வாடிக்காரரையும் விடாது. வனஜீவராசிகள் திணைக்களம் தரும், சத்தத்தால் யானையை விரட்டும் யானை வெடியைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய துவக்கு வாங்கப்போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?
– கிரான் வாசகர்

பதில்: முதலில் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள், விற்பவரின் வாய்ச்சொல் போதாது. மூடியபின் குழலையும் பிடியையும் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார்க்கும்போது வளையம்போல் நிழல் தெரிந்தால் அந்த இடம் ஒருமுறை வீங்கியிருக்கிறது, விட்டுவிடுங்கள். குதிரையை (ஊசியை அடிக்கும் பாகத்தை) முழுதாக இழுத்து வைத்து, விசையைத் தொடாமல் பெருவிரலால் முன்னோக்கித் தள்ளினால் அது நழுவக்கூடாது. வேண்டிய நேரத்தில் வெடிக்காத துவக்கால் நட்டம் நெல்லுக்கு மட்டுமே. நழுவும் குதிரையுள்ள துவக்கோ பரணில் ஏறும்போதே ஆளைக் கொல்லும். பிறகு இரும்பில் பொறித்த இலக்கத்தை விற்பவரின் பத்திரத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மாவட்டச் செயலகம் உங்கள் பெயருக்கு அனுமதி தரும்வரை முற்பணமும் கொடுக்க வேண்டாம், துவக்கையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.